டே கேர் வேலையை விட்டுட்டு, சொந்தமா டே கேர்... கணக்கு சரியா வருமா?

'இத்தனையும் நான்தானே செய்யறேன். இதையே சொந்தமா செஞ்சா என்ன?'

ப்ளே ஸ்கூலிலோ டே கேரிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரத்தில் வரும். ஃபீஸ் நோட்டை நீங்கள்தான் எழுதுகிறீர்கள். 18 குழந்தைகள், தலைக்கு 5,500 ரூபாய் என்றால் 99,000 ரூபாய். உங்கள் சம்பளம் 14,000. டயப்பர் மாற்றுவது நீங்கள், சோறு ஊட்டுவது நீங்கள், காய்ச்சல் அடித்தால் அம்மாவுக்கு போன் போடுவதும் நீங்கள். மேடம் வாரத்தில் ரெண்டு நாள் வந்து ஏ.சி ஓடுதானு பார்த்துட்டுப் போறாங்க. மனசு கணக்குப் போடாமல் இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐ.டி கம்பெனிகள் வொர்க் ஃப்ரம் ஹோமை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வருகின்றன. ஊரிலிருந்து வந்து பேரனைப் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு முட்டி வலி, அல்லது அவரே இன்னும் வேலைக்குப் போகிறார். குழந்தையை விட ஓர் இடம் வேண்டும். தேவை உண்மையானது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், ஒரு பொருளுக்குத் தேவை இருப்பதும், அதை விற்பவர் கையில் காசு நிற்பதும் ஒன்றல்ல. இட்லிக்குத் தேவை இல்லாத தெரு தமிழ்நாட்டில் எது? ஆனாலும் மூடிய இட்லிக் கடைகள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன.

நாடு முழுக்க பெண்கள் போகும் திசையும் இதுதான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பைப் பாருங்கள். வேலை செய்யும் பெண்களில் 'சுயதொழில்' என்ற வகையில் வருபவர்கள் 2017-18-ல் 51.9%. 2023-24-ல் அது 67.4%. மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். ஆனால், கணவரின் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து ஒரு ரூபாய் சம்பளம் வாங்காமல் உதவும் பெண்ணும் இதே வகையில்தான் எண்ணப்படுகிறார். வயலில் குடும்பத்தோடு களை எடுப்பவரும் அப்படித்தான். அதனால், 'எல்லாப் பெண்களும் தொழில்முனைவோர் ஆகிட்டாங்க, நாம மட்டும்தான் மாசச் சம்பளத்துல கிடக்கிறோம்' என்று நினைத்து யாரும் பேப்பர் போட வேண்டாம்.

உங்கள் வேலை எந்த வேலை?

குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. முதலில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஒன்று, அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் 54,439 மையங்கள். மத்திய அரசு அங்கன்வாடிப் பணியாளருக்குத் தருவது மதிப்பூதியம்தான். 2018-ல் 3,000-லிருந்து 4,500 ரூபாய் ஆக்கினார்கள். ஆனால், தமிழ்நாட்டில் மாநில அரசு இதைச் சிறப்புக் காலமுறை ஊதியமாக வைத்திருக்கிறது. 2025-ல் 7,783 பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது சொன்ன கணக்கு இது: முதல் 12 மாதம் தொகுப்பூதியமாக 7,700 ரூபாய், பிறகு 7,700 - 24,200 ஊதிய விகிதம். உதவியாளருக்கு 4,100-ல் தொடங்கி 12,500 வரை. தொகை சிறியதுதான். குழந்தைக்கு முட்டையும் கலவை சாதமும் கொடுத்து, எடை பார்த்து, கர்ப்பிணிகள் பதிவு எழுதி, போனில் ஆப்பில் ஏற்றி, தேர்தல் வந்தால் அந்த வேலையும் பார்க்கிறவருக்கு இது குறைவு என்று யாரும் வாதாடத் தேவையில்லை. ஆனால், 2022 ஏப்ரல் 25-ல் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, பெற உரிமை உண்டு என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஊதிய விகிதமும் இருக்கிறது. இந்த வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் அங்கன்வாடியில் இருந்துகொண்டு 'டெய்லரிங் யூனிட் போடலாமா' என்று யோசிப்பவருக்கு என் பதில் சுருக்கமானது: அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று, தனியார் ப்ளே ஸ்கூல், டே கேர். இங்கேதான் 'நிரந்தர வேலை' என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. மாதம் ஒன்றாம் தேதியோ ஐந்தாம் தேதியோ சம்பளம் வந்துவிடுகிறது. அதனால் நிரந்தரம் என்று நினைக்கிறோம். உங்கள் இடத்தில் ஆயா, வாட்ச்மேன், வேன் அண்ணா எல்லோரையும் சேர்த்து எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பி.எஃப் கட்டாயமாவது 20 பேர் இருந்தால். இ.எஸ்.ஐ-யும் கிராஜுவிட்டியும் 10 பேர் இருந்தால். தெருமுனை டே கேரில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பீர்கள். அப்படியென்றால் சட்டத்தின் எந்தக் கதவும் உங்களுக்குத் திறந்திருக்கவில்லை. மேடம் நல்லவராக இருப்பதுதான் உங்கள் பாதுகாப்பு!

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்ததே, அதில் எல்லாம் மாறிவிடவில்லையா என்று கேட்கலாம். கொஞ்சம் மாறியிருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, அதாவது வருடா வருடம் கான்ட்ராக்ட் எழுதி வாங்கப்படுபவருக்கு, ஐந்து வருடம் காத்திருக்காமல் ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. நிரந்தரப் பணியாளருக்கு ஐந்து வருட விதி அப்படியே இருக்கிறது. ஆனால், 10 பேர், 20 பேர் என்ற எல்லைக் கோடுகளும் அப்படியேதான் இருக்கின்றன. சின்ன இடங்கள் கோட்டுக்கு வெளியே.

கோட்டுக்கு உள்ளே இருக்கும் பெரிய பள்ளி, கார்ப்பரேட் டே கேர் என்றால் விடுவதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து உட்காருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 14,000, சர்வீஸ் ஐந்து வருடம் என்றால் கிராஜுவிட்டி சுமார் 40,000 ரூபாய் வரும். நாலரை வருஷத்தில் மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் அது போச்சு. பி.எஃப்-ல் இருக்கும்வரை உங்கள் பெயரில் ஓர் ஆயுள் காப்பீடும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை. நம்மில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வேலையை விட்டால் அதுவும் நிற்கும். பென்ஷனுக்குத் தகுதி 10 வருட சர்வீஸ். எட்டு வருடம் முடித்தவர் இதை யோசிக்க வேண்டும், இரண்டு வருடம் முடித்தவர் இதற்காகத் தயங்க வேண்டாம்.

பணம் எங்கே போகிறது?

இனி அந்த 99,000 ரூபாய்க்கு வருவோம். நீங்கள் தொடங்கப்போவது அவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். உங்கள் ஏரியா வாடகைக்குத் தக்கபடி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

12 குழந்தைகள். தலைக்கு 5,000. மாத வரவு 60,000. தரைத்தளத்தில் இரண்டு ரூம், ஒரு ஹால் உள்ள வீட்டுக்கு வாடகை 18,000. உதவிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 11,000 என்று 22,000. கரன்ட், தண்ணீர் கேன், பால், பிஸ்கட், ஃபினாயில், டிஷ்யூ எல்லாம் சேர்த்து 7,000. மொத்தச் செலவு 47,000. உங்கள் கையில் நிற்பது 13,000. வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட ஆயிரம் ரூபாய் குறைவு!

இதோடு முடியவில்லை. ஏப்ரல் கடைசியில் பாட்டி வீட்டுக்குக் கிளம்பும் குழந்தைகள் ஜூன் முதல் வாரம்தான் திரும்பும். இரண்டு மாதம் பாதிக் குழந்தைகள்தான் என்று வைத்தால் வரவு 30,000. ஹவுஸ் ஓனர் பாதி வாடகை வாங்கமாட்டார். ஆயாவைப் பாதிச் சம்பளத்துக்கு நிறுத்தினால் ஜூனில் அவர் வரமாட்டார். செலவு அதே 47,000. மாதம் 17,000 நஷ்டம், இரண்டு மாதத்துக்கு 34,000. பத்து மாத லாபம் 1,30,000-லிருந்து இதைக் கழித்தால் 96,000. மாதத்துக்குப் பிரித்தால் 8,000 ரூபாய். அங்கன்வாடியில் புதிதாகச் சேர்பவரின் தொகுப்பூதியத்தைவிட 300 ரூபாய்தான் அதிகம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பல டே கேர்கள் இரண்டாம் வருடத்தில் மூடுவது குழந்தைகள் வராததால் அல்ல, மே மாதத்தை மறந்ததால். இதே வீட்டை வைத்துக் கணக்கை மாற்றவும் முடியும். வாடகை 24 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். ஸ்கூல் முடிந்து மூன்றரை மணிக்கு வேனில் இறங்கும் யு.கே.ஜி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஏழு மணி வரை வைத்துக்கொண்டால்? தலைக்கு 2,500 என்றால் 20,000. சாயங்கால ஸ்நாக்ஸுக்கு 2,000 போனாலும் 18,000 கூடுதல். மதியத்துக்குப் பிறகு சின்னக் குழந்தைகளில் சிலர் கிளம்பிவிடுவதால் அதே ஆட்களே போதும். பத்து மாதத்தில் 1,80,000. மொத்தம் 2,76,000, மாதத்துக்கு 23,000. வாடகை கூடவில்லை, வரவு கூடியிருக்கிறது. ஒரு டே கேர் பிழைப்பதும் மூழ்குவதும் பெரும்பாலும் இந்த மூன்றரை மணியில்தான் தீர்மானமாகிறது. சுவரில் எத்தனை கார்ட்டூன் வரைந்திருக்கிறீர்கள் என்பதில் அல்ல.

சரி, பணத்தைக் கூட்ட இன்னும் நாலு குழந்தைகளைச் சேர்த்துக்கலாமே? எல்லோரும் கைவைக்கும் இடம் இது. உங்களுக்கே தெரியும், ஒன்றரை வயதுக் குழந்தைகள் எட்டுப் பேரை ஒருத்தர் பார்ப்பது எப்படியிருக்கும் என்று. 'ஏன் இத்தனை பேரை ஒருத்தரிடம் விடுறாங்க' என்று புலம்பித்தானே வேலையை விட நினைத்தீர்கள்? தீப்பிடித்தால் ஒரு ஆயா எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும்? இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, நடக்கத் தெரிந்தால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்றோ இரண்டோ. அதுதான் உங்கள் எண்ணிக்கை.

தீ என்ற வார்த்தையைச் சும்மா எழுதவில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கு அனுமதி கேட்டால் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று அடுக்கிக் கேட்பதன் பின்னால் அந்தக் காலைப்பொழுது இருக்கிறது. 2015-ல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்றே ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 'வீட்டுல பத்துப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறதுக்கு எதுக்கு லைசென்ஸ்' என்று சொல்பவர்கள் நிறைய. அனுமதி வாங்குவதற்கு அலைச்சல் உண்டு, எரிச்சலும் உண்டு. ஆனால் வாடகை வீட்டைப் பேசி முடிப்பதற்கு முன்பே உங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகத்தில், என்னென்ன சான்று கேட்கிறார்கள் என்று நேரில் போய் விசாரித்துவிடுங்கள். மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு 'தரைத்தளம்தான் வேணும்'னு சொன்னால் யாரிடம் போய் அழுவது?

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அது செல்லும் என்ற சந்து அதிலேயே இருக்கிறது. சென்னையில் ஹவுஸ் ஓனர்கள் அந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள். பேரம் பேசும்போது மூன்று மாதம் என்று தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் 'குழந்தைகள் காப்பகம் நடத்த' என்று தெளிவாக எழுதுங்கள். கரன்ட் கனெக்‌ஷனையும் வீட்டு உபயோகத்திலிருந்து மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஈ.பி ஆட்கள் வந்து அபராதம் போடுவார்கள். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அப்போது இருக்காது. இதையெல்லாம் ஓனரிடம் முதலிலேயே பேசவில்லை என்றால், முதல் பில் வரும் நாளில் உறவு கெடும்.

கடன் தருகிறோம் என்பார்கள்

முத்ரா திட்டம் 2015-ல் வந்தது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, தருணில் 10 லட்சம் வரை. அதை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024-ல் புதுப் பிரிவும் சேர்ந்தது. பிணையம் தேவையில்லை என்பது விதி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி) பெண்களுக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35% மானியம் உண்டு, உங்கள் கைக்காசு 5% போட்டால் போதும். இந்த மானியம் கையில் கொடுக்கப்படும் பணம் அல்ல. மூன்று வருடம் வங்கியில் உங்கள் கடன் கணக்கோடு கட்டிவைக்கப்பட்டிருக்கும், தொழில் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் கழிப்பார்கள். 'மானியம் வந்துடும், அதுல அட்வான்ஸ் கட்டிடலாம்' என்று திட்டம் போடாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இவற்றோடு மாநில அரசுத் திட்டங்களையும் விளக்குவார்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு ஆயிரம், ரெண்டாயிரம் கேட்கும் கம்ப்யூட்டர் சென்டர்களிடம் உஷார்.

நடைமுறையில் நம்மில் பெரும்பாலானோர் எதை வைத்துத் தொடங்குகிறோம்? நகை. கழுத்தில் இருப்பதைக் கழற்றி வைத்தால் அரை மணி நேரத்தில் பணம். இதில் எனக்கு ஒரு கறாரான கருத்து இருக்கிறது. பொம்மை, பாய், ஸ்லைடு வாங்க நகையை வைக்கலாம், தவறில்லை. மே மாத வாடகைக்கு வைக்கக் கூடாது. முதல் வகைக் கடனுக்குப் பொருள் மிஞ்சும். இரண்டாவது வகை, அடுத்த மே மாதம் திரும்பவும் வரும். தொடங்கும்போதே மூன்று மாதச் செலவைத் தனியாக ஒரு அக்கவுன்ட்டில் போட்டு வைக்க முடியவில்லை என்றால், இன்னும் ஒரு வருடம் வேலையில் இருந்து சேமிப்பது கோழைத்தனம் இல்லை.

இந்த இடத்தில் ஃபிரான்சைஸ் விளம்பரங்கள் கண்ணில் படும். பிராண்ட் பெயர், பாடத்திட்டம், யூனிஃபார்ம் எல்லாம் தருவார்கள். நுழைவுக் கட்டணம், மாதா மாதம் வரவில் ஒரு பங்கு, அவர்கள் சொல்லும் விலைக்கு அவர்களிடமே பொருட்கள் என்று வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கு ஏற்கெனவே பெற்றோர்களைத் தெரியும், குழந்தைகளைத் தெரியும். பெயர்ப் பலகைக்காக லட்சங்கள் கொடுப்பது யாருக்குத் தேவை என்றால், இந்த வேலையே தெரியாமல் முதலீடு மட்டும் வைத்திருப்பவருக்கு.

இன்னொரு வழியைப் பலரும் யோசிப்பதில்லை. 2017-ல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. நிறுவனமே கட்டடம் கட்ட வேண்டும் என்றில்லை, அருகில் இருக்கும் தனியார் காப்பகத்தோடு சேர்ந்தும் செய்யலாம். உங்கள் ஏரியாவில் ஒரு நர்சிங் ஹோம், ஒரு கார்மென்ட் யூனிட், ஒரு பெரிய ஜவுளிக்கடை இருக்கிறதா? அவர்களின் ஹெச்.ஆரைப் போய்ப் பாருங்கள். பத்து அம்மாக்களிடம் தனித்தனியாக ஃபீஸ் கேட்பதைவிட, ஒரு நிறுவனத்திடம் மாதம் ஒரு பில் போடுவது உங்கள் மே மாதத்தைக் காப்பாற்றும். ஜவுளிக்கடைக்கு மே மாதம் லீவு கிடையாது.

பொறுப்பு இடம் மாறும்

வேலையில் இருந்தபோது ஏதாவது தப்பு நடந்தால் 'மேடம்கிட்ட சொல்லிட்டேன்' என்பதோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். இனி மேடம் நீங்கள். போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. உங்கள் சித்தப்பா மகன்தான் வேன் ஓட்டுகிறார், உங்கள் தம்பிதான் கணக்குப் பார்க்கிறார் என்றாலும் இதேதான். சொந்தக்காரர்களை வைத்துச் சின்னதாகத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். குழந்தைகள் இருக்கும் இடத்தில், 'நம்ம பையன்தானே' என்பது ஒரு சான்றிதழ் இல்லை. யார் உள்ளே வரலாம், யார் டயப்பர் மாற்றலாம், யார் வந்தால் குழந்தையைக் கையில் கொடுக்கலாம் என்பதை எழுதி சுவரில் ஒட்டுங்கள். அப்பா அம்மாவுக்கு இடையே விவாகரத்து வழக்கு நடக்கும் வீட்டுக் குழந்தை உங்களிடம் வந்தால், அந்தக் கடைசி வரியின் அருமை புரியும்.

உதவிக்கு வைக்கும் இருவரும் உங்களைப் போலவே ஒருநாள் ஃபீஸ் நோட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். உங்களிடம் பத்துப் பேர் இல்லை, அதனால் இ.எஸ்.ஐ கட்டாயமில்லை, கிராஜுவிட்டி கட்டாயமில்லை. நீங்கள் எதை அநியாயம் என்று நினைத்தீர்களோ, அதை இப்போது நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். சட்டமும் உங்கள் பக்கம் நிற்கும். குறைந்தபட்சம் வருடம் 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலாவது அவர்களைச் சேர்த்து, அந்தக் காசை நீங்கள் கட்டலாம். உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வீடு. சொந்த வீட்டின் கீழ்ப் போர்ஷனிலேயே தொடங்குபவர்களுக்கு வாடகை மிச்சம். ஆனால், 'அவ வீட்டுலதானே இருக்கா' என்ற ஒரு வாக்கியம் கூடவே வரும். மாமனாருக்கு பதினொரு மணி காபி, கேஸ்காரர், கொரியர், நாத்தனார் வந்தால் சமையல். வேலைக்குப் போகும்போது எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் இருந்தது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். தொழிலும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே வந்தால் உங்கள் 289 குறையாது. காபி போடுவது யார் என்பதைத் தொழில் தொடங்கும் முன்பே பேசி முடிப்பது, லைசென்ஸ் அளவுக்கு முக்கியம்.

அதோடு சுவரில் ஒட்டும் க்யூ.ஆர் கோடு யாருடைய அக்கவுன்ட்டுக்குப் போகிறது? 'எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, அவர் நம்பருக்கே போட்டுடுங்க' என்று தொடங்கினால், உழைப்பு உங்களுடையது, வரவு அவருடைய ஸ்டேட்மென்ட்டில். நாளைக்கு வங்கியில் கடன் கேட்டால் உங்கள் பெயரில் காட்ட ஒரு வரியும் இருக்காது. அரசின் கணக்கெடுப்புக்காரர் வந்தாலும், 'கணவருக்கு உதவுகிறார்' என்று எழுதிக்கொண்டு போவார்.

பழைய இடத்திலிருந்து கிளம்பும்போது

ரிசைன் செய்ததும் வரும் முதல் மிரட்டல், 'ரெண்டு வருஷத்துக்கு இந்த ஏரியாவுல நீங்க டே கேர் நடத்தக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கீங்க' என்பது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்தைக் காட்டி உங்களை நிறுத்த முடியாது. ஆனால், வேலையில் இருந்துகொண்டே பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் புது டே கேர் போஸ்டரைப் போடுவது வேறு விஷயம். அட்மிஷன் நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதும் அப்படியே. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு டே கேரின் மேடம்தான், உங்கள் ஆயா லீவு போட்ட நாளில் ஆள் அனுப்பக் கூடிய ஒரே மனுஷி. நீங்கள் எங்கே போனீர்கள் என்று பெற்றோர்கள் தாமாகவே விசாரித்து வருவார்கள். வரவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான், தொடங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே 'வங்கிக்குத் தேவைப்படுது' என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடியுங்கள். பி.எஃப் இருந்தால், கடைசி வேலை நாளை அவர்கள் பதிவேற்றியிருக்கிறார்களா என்று ஆன்லைனில் பாருங்கள்; அது இல்லாமல் பணம் எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

எந்த மாதம் விடுவது? மார்ச் கடைசி. ஏப்ரல், மே மாதங்களில் சின்னதாக ஒரு சம்மர் கேம்ப் நடத்தினால், ஊருக்குப் போகாத குழந்தைகளின் பெற்றோர் வந்து உங்கள் பாத்ரூம் முதற்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள். ஜூன் அட்மிஷனுக்கு அதுதான் விளம்பரம். நடுவில், அக்டோபரிலோ ஜனவரியிலோ விட வேண்டாம். இதற்குப் பணம் சம்பந்தப்படாத ஒரு காரணமும் இருக்கிறது. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு நீங்கள் ரிசைன் செய்தது புரியாது. காலையில் அம்மா கையிலிருந்து உங்கள் கைக்குத் தாவிப் பழகியது, ஒருநாள் வாசலில் வேறு முகம் இருந்தால் அம்மாவின் துப்பட்டாவை விடாது. கடைசி இரண்டு வாரம் புது மிஸ்ஸையும் உங்களோடு வாசலில் நிற்கச் சொல்லுங்கள். முதல் வாரம் நீங்கள் வாங்கி அவரிடம் கொடுங்கள், இரண்டாவது வாரம் அவர் வாங்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் குழந்தைக்குத் தூங்கும்போது காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எது தயிர்சாதம் என்றால் மட்டும் வாய் திறக்கும், எதற்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.